கையுறையைச் சொந்தக் காசில் வாங்கும் தீயணைப்பு வீரர் எதை முதலில் செய்ய வேண்டும்?

கேள்வி: வணக்கம் மேடம். நான் தீயணைப்பு வீரன். வயது 34, வேலையில் சேர்ந்து 11 வருடம் ஆகிறது. மனைவி, ஆறு வயது மகள், அம்மா என மூன்று பேர் என் சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள். வீட்டுக் கடன் இன்னும் 14 வருடம் ஓடும். எங்கள் நிலையத்தில் பாதுகாப்பு உடைகள் பழசாகிவிட்டன. புதிது கேட்டால் “இந்த வருடம் நிதி இல்லை” என்பதுதான் பதில். அதனால் கையுறை, கழுத்தை மூடும் தலையுறை, ஹெல்மெட்டில் மாட்டும் டார்ச் என்று ஒவ்வொன்றாகச் சொந்தக் காசில் வாங்கிவருகிறேன். இப்போது எட்டுப் பேர் சேர்ந்து நிலையத்துக்கு, புகைக்குள்ளும் ஆளைக் காட்டும் தெர்மல் கேமரா ஒன்று வாங்கலாம் என்று பேசுகிறோம். அதற்குத் தனிநபர் கடனை என் பெயரில் எடுப்பதாக யோசனை. நான் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும் டேர்ம் பாலிசியும் எடுக்கப் பார்க்கிறேன். “தீயணைப்பு என்று எழுதினால் பிரீமியம் ஏறும், அலுவலக வேலை என்று போட்டுவிடலாம்” என்கிறார் முகவர். மாதம் சம்பளத்தில் 10 சதவீதம் மிச்சமாகிறது. அதை மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா? எதை முதலில் செய்வது?

பதில்: அந்த டேர்ம் பாலிசி விண்ணப்பத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே? போடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் அடுத்த வாரம் பேசினாலும் குடிமுழுகாது, இது இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியது. உங்களுக்கு ஏதாவது நேர்ந்து உங்கள் மனைவி இழப்பீடு கேட்கும்போது, வேலை கொடுத்தவரின் சான்றிதழையும் நிறுவனம் கேட்கலாம். அதில் தீயணைப்பு வீரர் என்றும் விண்ணப்பத்தில் அலுவலக வேலை என்றும் இருந்தால், உண்மையை மறைத்தீர்கள் என்று சொல்லிப் பணத்தை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடலாம். அப்போது முகவர் வந்து நிற்கமாட்டார். பிரீமியத்தில் மிச்சம் பிடித்த சிறுதொகைக்காகக் குடும்பத்தின் முழுத் தொகையையும் பணயம் வைக்கச் சொல்கிறார் அவர். ஒருவேளை கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தால், தொழிலைத் திருத்தச் சொல்லி நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பி, அவர்கள் பதிலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

உண்மையை எழுதினால் பிரீமியம் எவ்வளவு ஏறும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் கூட்டுவார்கள், சிலர் கூட்டமாட்டார்கள். மூன்று இடத்திலாவது கேட்டுப் பாருங்கள். தொகையைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள், வீட்டுச் செலவை வைத்துக் கணக்கிடுங்கள். மகளுக்கு 22 வயது ஆகும்வரை 16 வருடச் செலவு, பாக்கியுள்ள வீட்டுக் கடன், அம்மாவின் மருத்துவத்துக்கு ஒரு தொகை. இந்த மூன்றின் கூட்டல்தான் உங்களுக்கு வேண்டிய காப்பீடு. வேலையோடு சேர்ந்து வரும் குழுக் காப்பீட்டை இதில் கழிக்க வேண்டாம். பெரும்பாலும் அது வேலையோடு வந்து வேலையோடு போய்விடும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. சாவுக்கு ஏற்பாடு கேட்டிருக்கிறீர்கள், உயிரோடு இருந்து வேலை செய்ய முடியாமல் போனால் என்ன என்று கேட்கவில்லை. உங்கள் தொழிலில் அந்த இரண்டாவது ஆபத்து பெரிது. அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியில் இறந்த தீயணைப்பு வீரர்களைப் பற்றி ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. அந்த மரணங்களில் 45 சதவீதம் இதய நோயால் நேர்ந்தவை. தீயோடு நேரடியாகப் போராடும் நேரம் ஒரு வருடப் பணியில் 1 முதல் 5 சதவீதம்தான். ஆனால் இதய நோய் மரணங்களில் 32 சதவீதம் அந்தச் சொற்ப நேரத்தில்தான் நடந்திருக்கின்றன. மணி அடித்ததும் தூக்கத்திலிருந்து பதறி எழுந்து, கனமான உடையோடும் மூச்சுக் கருவியோடும் வெப்பத்துக்குள் ஓடும்போது இதயத்தின் மேல் விழும் சுமை அப்படி. ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவரை மறுபடி தீக்குள் அனுப்ப எந்த மருத்துவரும் யோசிப்பார். நிலையத்திலேயே இலகுவான வேலை கொடுப்பார்கள், சம்பளமும் வரும், ஆனால் பணிப்படிகளும் கூடுதல் நேர ஊதியமும் நின்றுபோகும்.

எனவே இயலாமைக் காப்பீடு எடுக்கும்போது, “இயலாமை” என்பதற்குப் பாலிசியில் என்ன விளக்கம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். “எந்த வேலையும் செய்ய முடியாத நிலை” என்று இருந்தால், தோள்பட்டை போனாலும் நுரையீரல் தளர்ந்தாலும் உங்களுக்குப் பணம் வராது. நாற்காலியில் உட்கார்ந்து எழுத முடியுமே என்று சொல்லிவிடுவார்கள். “தன் சொந்தத் தொழிலைச் செய்ய முடியாத நிலை” என்று இருப்பதைத் தேடுங்கள். கிடைப்பது கடினம், விலையும் கூட. கிடைத்தால் விடாதீர்கள். தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் விலக்குகள் பட்டியலை முதலில் படியுங்கள். அபாயத் தொழில் என்ற ஒரே வரியில் உங்களை வெளியே தள்ளும் பாலிசிகள் உண்டு.

அடுத்தது புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்பு வீரராகப் பணிபுரிவதையே 2022-இல் முதல் தொகுதியில் வைத்தது. மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றுக்கான தொகுதி அது. நுரையீரல் உறை போன்ற மெல்லிய சவ்வுகளில் வரும் மீசோதீலியோமா, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆகிய இரண்டுக்கும் போதுமான சான்று இருப்பதாக அது சொல்கிறது. புற்றுநோய் போன்ற பெரிய நோய் வந்தால் ஒரு தொகை தரும் தீவிர நோய்க் காப்பீடு வாங்கும்போது இதை மனதில் வையுங்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் தசைக்குள் இறங்காத தொடக்க நிலையிலேயே கண்டுபிடிக்கப்படுகிறது. அது உங்கள் நல்ல காலம். ஆனால் பல தீவிர நோய்ப் பாலிசிகள், உள்ளே ஊடுருவாத அந்தத் தொடக்க நிலைக் கட்டிகளைப் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கின்றன. உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமான நோய்க்கே பணம் தராத பாலிசியை நீங்கள் வாங்கிவிடக் கூடாது. தொடக்க நிலைக்கும் ஒரு பங்கு தரும் பாலிசியாகப் பாருங்கள். பாலிசி தொடங்கிக் காத்திருப்புக் காலம் முடிவதற்குள் கண்டறியப்படும் நோய்க்கும் பணம் கிடைக்காது, அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். நிதி ஆலோசகர் சொல்ல வேண்டியதில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்: சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் உங்கள் தொழிலை முதலில் சொல்லுங்கள்.

இப்போது காசே செலவாகாத ஒரு வேலை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் தன் மகளோடு என்னைப் பார்க்க வந்தார். 27 வருட சேவை, நுரையீரல் பாதிப்பு, மூன்று படி ஏறினாலே மூச்சு வாங்கியது. நோய் பணியால் வந்தது என்று நிரூபித்தால் இழப்பீடு உண்டு. ஆனால் எந்தெந்தத் தீ விபத்துக்குப் போனார், அங்கே என்ன எரிந்தது, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்பதற்கு அவரிடம் துண்டுக் காகிதம்கூட இல்லை. பழைய பதிவேடுகள் அழிக்கப்பட்டுவிட்டன. “எல்லாம் மனசில் இருக்கு மேடம்” என்றார். ரசாயனக் கிடங்கு, டயர் குடோன், பஞ்சு மில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மகள் குனிந்து அதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தாள். மனதில் இருப்பதற்கு எந்த அலுவலகமும் பணம் தராது. அவருக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மீசோதீலியோமா போன்றவை நச்சு உடம்புக்குள் போய் 20 வருடம் கழித்து, சிலருக்கு 40 வருடம் கழித்துக்கூட வெளிப்படும். அதற்குள் நிலையம் மாறியிருக்கும், அதிகாரிகள் மாறியிருப்பார்கள், நீங்கள் ஓய்வுபெற்றிருப்பீர்கள். சில நாடுகளில் சட்டமே வீரர் பக்கம் நிற்கிறது. கனடாவின் மனிடோபா மாகாணம் 2002-லும், ஆஸ்திரேலியா தன் கூட்டாட்சிப் பணியாளர்களுக்கு 2011-லும், குறிப்பிட்ட சில புற்றுநோய்கள் வந்தால் அது பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளும் சட்டத்தைக் கொண்டுவந்தன. அங்கேயும் ஒவ்வொரு நோய்க்கும் இத்தனை வருட சேவை வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. மூளைப் புற்றுநோய்க்கு 5 வருடம், சிறுநீர்ப்பைக்கு 15 வருடம் என்பது போல. ஆக, அப்படிப்பட்ட சட்டம் இருக்கும் இடத்திலும் சேவைக்காலத்தைக் காட்டும் ஆவணம் வேண்டும். சட்டம் இல்லாத இடத்தில் எல்லாவற்றுக்கும் ஆவணம் வேண்டும்.

ஒவ்வொரு அழைப்புக்கும் நான்கு வரி போதும். தேதி, அழைப்பு எண், எரிந்த பொருள், உள்ளே இருந்த நேரம். மூச்சுக் கருவி போட்டிருந்தீர்களா, தீ அணைந்தபின் கிளறித் தேடும் வேலையில் அதைக் கழற்றிவிட்டீர்களா என்பதையும் எழுதுங்கள். புகை கண்ணுக்குத் தெரியாமல் போனபின்னும் நச்சுக் காற்று இருக்கும், பலரும் முகமூடியைக் கழற்றுவது அப்போதுதான். காயம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அதிகாரப்பூர்வப் பதிவில் ஏற்றி, நகல் வாங்குங்கள். மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கங்களைப் படமெடுத்து மனைவிக்கு அனுப்பிவிடுங்கள். கடந்த 11 வருடத்தில் நினைவில் இருக்கும் பெரிய விபத்துகளையும் இந்த வாரமே எழுதுங்கள், உடன் வந்தவர்கள் பெயரோடு.

இனி உங்கள் கையுறைக்கு வருவோம். நீங்கள் வாங்கியதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரி படிந்த தலையுறையைத் துவைக்காமல் மறுநாளும் கழுத்தில் மாட்டுவதைவிட, மாற்றுக்கு ஒன்று சொந்தக் காசில் வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் ஓர் எல்லை போடுங்கள். மாற்றுத் தலையுறை, மாற்றுக் கையுறை, டார்ச். அதற்கு மேல் வேண்டாம். வாங்குவது தரச்சான்று பெற்றதாகவும், நிலைய அதிகாரி எழுத்தில் அனுமதித்ததாகவும் இருக்கட்டும். அனுமதியில்லாத கருவியோடு காயம்பட்டால் இழப்பீட்டில் கேள்வி எழலாம். வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை முன்பே ஒதுக்கி, அதற்குள் நிறுத்துங்கள். ரசீதுகளையும் அந்த நோட்டிலேயே ஒட்டுங்கள்.

தெர்மல் கேமராவுக்குக் கடன் எடுக்க வேண்டாம். கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புகைக்குள் மயங்கிக் கிடப்பவரை அது காட்டும், அதன் அருமை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் கடன் உங்கள் பெயரில், பொருள் யார் பெயரில்? பழுதானால் யார் சரிசெய்வது? எட்டுப் பேரில் மூன்று பேருக்கு இடமாறுதல் வந்தால் அவர்கள் தவணையை யார் கட்டுவது? கடைசியில் நீங்கள்தான் கட்டுவீர்கள். வீட்டுக் கடனோடு இதுவும் சேர்ந்தால் மாதம் மிச்சமாகும் அந்த 10 சதவீதமும் போய்விடும். தவிர, ஒருமுறை வீரர்களே வாங்கிவிட்டால் அடுத்த வருடப் பட்டியலில் அந்தத் தேவை இருக்காது.

அதற்குப் பதிலாக எட்டுப் பேரும் ஒரு கணக்குப் போடுங்கள். நிதி ஒதுக்குபவர்களுக்கு “உடை பழசு” என்ற வார்த்தை காதில் ஏறாது, எண் ஏறும். ஒவ்வொரு உடையின் உள்ளேயும் தயாரித்த தேதி இருக்கும். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) வகுத்த தரநிலைப்படி, கட்டடத் தீக்கான பாதுகாப்பு உடையைத் தயாரித்த நாளிலிருந்து 10 வருடத்தில் பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும், கிழிசல் இல்லாவிட்டாலும்கூட. உங்கள் பகுதியில் பின்பற்றும் தரநிலை எது, அது எத்தனை வருடம் சொல்கிறது என்று பாருங்கள். 24 பேர் உள்ள நிலையத்தில், ஒன்று துவைக்கப்போனால் மாற்றுக்கு ஒன்று என்று ஆளுக்கு இரண்டு வைத்தால் 48 உடை. ஆயுள் 10 வருடம் என்றால் வருடத்துக்குச் சுமார் 5 உடை மாற்றியாக வேண்டும். ஒரு வருடம் மாற்றாமல் விட்டால் அடுத்த வருடம் 10. மூன்று வருடம் விட்டால் நான்காம் வருடம் 20 உடை ஒரே நேரத்தில் வந்து நிற்கும், அப்போதும் “நிதி இல்லை” என்ற பதில்தான் வரும். இந்தக் கணக்கை ஒரே தாளில் போட்டு, காலாவதியான உடைகளின் எண்களையும், மூச்சுக் கருவி சிலிண்டர்களின் அழுத்தச் சோதனைத் தேதிகளையும் இணைத்து, எல்லோரும் கையெழுத்திட்டு, நிதி ஆண்டுக்கான மதிப்பீடு தயாராகும் முன்பே கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்குங்கள். கேமராவையும் அதே தாளில் தனி வரியாகக் கேளுங்கள். வெளியிலிருந்து யாராவது நன்கொடை தர முன்வந்தால், அது முறைப்படி அலுவலகத்துக்குப் போகட்டும், உங்கள் வங்கிக் கணக்குக்கு வரக் கூடாது.

கடைசியாக உங்கள் 10 சதவீதம். மியூச்சுவல் ஃபண்ட் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் குடும்பச் செலவை அடிப்படைச் சம்பளத்துக்குள் அடக்கப் பாருங்கள். பணிப்படியும் கூடுதல் நேர ஊதியமும் உங்கள் உடம்பு ஓடும்வரை வருபவை, அவற்றை நம்பி மாதத் தவணை எதையும் ஏற்றாதீர்கள். அந்தப் பணம் முழுவதும் அவசரகால நிதிக்குப் போகட்டும். மற்றவர்களுக்கு ஆறு மாதச் செலவு என்று சொல்வேன், உங்களுக்கு ஒன்பது. அதுவும் நினைத்த நாளில் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில். மிச்சமாகும் 10 சதவீதத்திலிருந்து டேர்ம், இயலாமை, தீவிர நோய் மூன்றுக்கும் பிரீமியம் கட்டுங்கள். மூன்றுக்கும் போதாவிட்டால் தீவிர நோய்த் தொகையைக் குறையுங்கள், டேர்மைக் குறைக்காதீர்கள். ஒன்பது மாத நிதி சேர்ந்த பிறகு, பணிப்படியையும் கூடுதல் நேர ஊதியத்தையும் மகளின் படிப்புக்கும் உங்கள் ஓய்வுக்காலத்துக்கும் ஃபண்டில் போடத் தொடங்குங்கள். மற்ற தொழிலில் இருப்பவர்களைவிட முன்னதாகவே உடம்பு உங்களை நிறுத்திவிடக்கூடும் என்பதால், ஓய்வு வயதைச் சில வருடம் முன்கூட்டியே வைத்துக் கணக்கிடுங்கள்.

வேலையில் சேர்ந்தபோது திருமணம் ஆகாமல் இருந்திருந்தால், சேவைப் பதிவேட்டிலும் குழுக் காப்பீட்டிலும் இன்னும் அம்மாவின் பெயரோ, அப்பாவின் பெயரோ நாமினியாக இருக்கலாம். அடுத்த ஓய்வு நாளில் அதைப் பாருங்கள். பாலிசிகளும் அந்த நோட்டும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று மனைவியை அழைத்துக் காட்டிவிடுங்கள்.