அழித்த உலாவல் வரலாறு திரும்ப வருகிறதா?

கேள்வி: பார்த்த வலைப்பக்கங்களை வகைப்படுத்தித் தரும் ஒரு நீட்சிக்கு (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) ஆண்டுச் சந்தா கட்டி, குரோம் உலாவியில் சேர்த்தேன். அதன் பிறகு உலாவல் வரலாற்றை அழித்தாலும் பழைய முகவரிகள் சில மீண்டும் வந்துவிடுகின்றன. நீட்சியை நீக்கினால் போதுமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: நீக்குவதற்கு அவசரப்பட வேண்டாம், பணத்தைக் கேட்பதாக இருந்தால் பழுது நீட்சியில்தான் என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திறக்கும் பெட்டியில், கால அளவு கடைசி ஒரு மணி நேரம் என்று இருந்தால், அதற்கு முந்தையவை அழியாமல் இருப்பது இயல்பே. முழுக் காலத்தையும் தேர்ந்தெடுத்து அழித்த பின்பும் முகவரிகள் வருமானால், அவற்றின் அருகே உள்ள நேரத்தைக் கவனியுங்கள். நீட்சி ஒரு முகவரியை வரலாற்றில் சேர்க்கும்போது அது சேர்க்கப்பட்ட நேரமே பதிவாகும் என்பதால், நீங்கள் திறக்காத பக்கங்கள் பல ஒரே நிமிடத்தில் வரிசையாக நின்றால் சந்தேகம் வலுக்கிறது. பழைய தேதியோடு வந்தால், அதே கணக்கில் இணைந்துள்ள கைப்பேசியிலிருந்தோ வேறு கணினியிலிருந்தோ அவை வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, நீட்சிகள் பக்கத்தில் அதன் அனுமதிகளைப் படியுங்கள். உலாவல் வரலாற்றைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி இருந்தால், நீங்கள் அழிப்பதை அறிந்து அதே முகவரிகளைத் திரும்ப எழுத அதனால் முடியும். இத்தகைய நீட்சிக்குப் படிக்கும் அனுமதி தேவைதான். நீங்கள் அழித்ததை உங்களைக் கேட்காமல் திரும்ப எழுதுவது வேறு விஷயம். அதன் அமைப்புகளில் வரலாற்றை மீட்டுத்தரும் வசதி ஏதேனும் இயங்கிக்கொண்டிருந்தால், அதை அணைத்தாலே சிக்கல் தீரலாம். அப்போது அதைப் பழுது என்று வாதிடுவது கடினம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், நீட்சியை நீக்காமல் நிறுத்திவைத்து, வரலாற்றை அழித்து, உலாவியை மூடித் திறந்து பாருங்கள். பிறகு அதை இயக்கி அதையே திரும்பச் செய்யுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் என்றால், உதவிப் பட்டியிலுள்ள பழுதறியும் முறை எல்லா நீட்சிகளையும் ஒருசேர நிறுத்திவைக்கும். இரண்டு நிலைகளின் திரைப்பிடிப்புகளையும் நீட்சியின் பதிப்பு எண்ணையும் இணைத்து, விற்றவருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். பணம் திரும்புமா என்பது அவருடைய விற்பனை நிபந்தனைகளையும் உங்கள் நாட்டு நுகர்வோர் சட்டத்தையும் பொறுத்தது என்றாலும், வெறும் குறையாக எழுதுவதைவிட இத்தகைய சான்றுக்கு மதிப்பு அதிகம்.

நீட்சியை நீக்கினால் அது உலாவியில் சேமித்தவை போகும்; நிறுவனத்தின் சேவையகத்தில் உள்ள நகல் போகாது, சந்தாவும் நிற்காது. ஆகவே கணக்கில் நுழைந்து தானியங்கிப் புதுப்பித்தலை ரத்துசெய்து, சேமித்த தரவை அழிக்கும்படி கேட்டு, பதில் வந்த பிறகு நீட்சியை நீக்குங்கள்.