மாத்திரை வாசல் வரை வருகிறது, ஆள் வர வேண்டாமா?

(ஏற்காடு மலைக் கிராமங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், முதியோர் நலம் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: சிஸ்டர், வணக்கம். என் மாமியாருக்கு 74 வயது. பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது, படுத்த படுக்கைதான். வீட்டுக்காரர் தறிக்குப் போகிறார். நான் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தேன், இப்போது நின்றுவிட்டேன். பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தூக்கி உட்கார வைக்க, துணி மாற்றத்தான் கூட ஒரு ஆள் இல்லை. ஏஜென்சியில் ஆள் கேட்டால் எங்களுக்குக் கட்டாது. அரசாங்கமே ஆள் அனுப்பக் கூடாதா என்றேன். “மாமியாரைப் பார்க்க கவர்மென்ட்டா வரும்?” என்கிறார் நாத்தனார். நான் கேட்டது தப்பா?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: தப்பே இல்லை, கண்ணு. நியாயத்தைப் பேசுவதற்கு முன்னால் ஒரு காரியம். இன்றைக்கே அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தைப் பாருங்கள். குதிகாலையும் பாருங்கள். தோல் கறுத்தோ சிவந்தோ இருந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் நிறம் மாறவில்லை என்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், எண்ணெய் போட்டு நீவாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். பழைய வேட்டியை மடித்துக் கெண்டைக்காலுக்கு அடியில் கொடுத்தால் குதிகால் பாயில் படாது. தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று நான் சுலபமாக எழுதிவிட்டேன். இரவும் பகலுமாகப் பன்னிரண்டு தடவை அது. நடுவில் சமையல், கஞ்சி ஊட்டுவது, துவைப்பது. ஒரே பெண் தன் சம்பளத்தையும் விட்டுவிட்டு இதைச் செய்கிறாள். அதை ‘மருமகள் கடமை’ என்று சொல்லி முடித்துவிட்டால் எல்லோருக்கும் வசதி. எனக்கு இதில் வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது கிடைப்பதை முதலில் வாங்குங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையோடு நிற்கும் திட்டமல்ல. இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் இருப்பவர்களுக்கான ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. மாத்திரை தரும் தன்னார்வலரிடம் “படுக்கை நோயாளி என்று பதிந்து, நர்ஸையும் பிசியோவையும் அனுப்பச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். கேட்காத வீட்டுக்கு வருவது தள்ளிப்போகும். அதை நானே பார்த்திருக்கிறேன்.

அதற்கு அப்புறம்தான் பள்ளம். நர்ஸ் வந்து புண்ணைக் கட்டிவிட்டுப் போவார். தினமும் காலையில் வந்து குளிப்பாட்டி, பக்கம் மாற்றி, நீங்கள் பட்டறைக்குப் போய்வரும் வரை கூட இருக்க எந்த ஆளும் இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்தால். அதே அம்மா வீட்டுப் பாயில் கிடந்தால் அந்தக் காப்பீட்டில் ஒரு பைசா கிடையாது. புண் அழுகி, காய்ச்சல் வந்து, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பிறகு செலவழிக்கத் தயாராக இருக்கும் அரசு, அந்தப் புண் வராமல் பார்க்கும் ஆளுக்கு ஏன் சம்பளம் தரக் கூடாது?

முதியோர் உதவித்தொகையை வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். தமிழ்நாட்டில் 2023-ல் அது 1,200 ரூபாய் ஆனது. 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு பல ஆண்டுகள் 200 ரூபாயை விட்டு அசையவே இல்லை. அதில் எத்தனை நாளைக்கு ஆள் வைப்பது?

பக்கத்துக் கேரளத்தில் 2008-லேயே ஆதரவு சிகிச்சைக்கென்று அரசுக் கொள்கை வந்தது. உள்ளாட்சிப் பணத்தில் நர்ஸ் வீடு வீடாகப் போகிறார். படுக்கை நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ என்று மாதம் 600 ரூபாய் தரும் திட்டமும் அங்கே கொண்டுவந்தார்கள். தொகை சிறிதுதான், ஆனால் வீட்டில் செய்வதும் வேலைதான் என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஜப்பான் 2000-ல் முதியோர் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு கொண்டுவந்தது. பாதிப் பணம் வரியிலிருந்து வருகிறது.

நாம் கேட்க வேண்டியது இதுதான். வார்டுக்கும் ஊராட்சிக்கும் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள் வேண்டும். அவர்களுக்கு ஊக்கத்தொகை என்று கொஞ்சம் நீட்டாமல் ஒழுங்கான மாதச் சம்பளம் வேண்டும். காப்பீட்டு அட்டைக்கு வைத்த அதே வருமான வரம்பை இதற்கும் வைக்கலாம். உங்களைப் போல வேலையை விட்டவர்களுக்கும் மாதத் தொகை வர வேண்டும்.

கேள்வி: அரசே பார்த்துக்கொண்டால் பிள்ளைகள் கைகழுவிவிட மாட்டார்களா?
– ஆசிரியர் (ஓய்வு), ஆத்தூர்

பதில்: வசதி இருந்தும் பார்க்காத பிள்ளைக்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. நான் பேசுவது பார்க்க மனமிருந்தும் கையில் காசில்லாதவர்களைப் பற்றி, ஐயா. அரசு பள்ளிக்கூடம் நடத்துகிறது என்பதால் யாரும் பிள்ளை வளர்ப்பதை விட்டுவிடவில்லையே.

கேள்வி: எங்கள் ஊர் ஏற்காட்டுக்கு அப்பால். தனியாக இருக்கும் பெரியவர்கள் நிறைய. இதெல்லாம் மலை ஏறுமா?
– வாசகர், சேர்வராயன் மலை

பதில்: ரேஷன் ஏறுகிறதே! 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு அரிசி வீடு தேடி வருகிறது. அரிசி மூட்டைக்கு வழி இருந்தால் ஆளுக்கும் வழி உண்டு. அதுவும் மலைக்கு இது கூடுதலாகத் தேவை. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் விடிந்ததும் வீடே எஸ்டேட்டுக்குப் போய்விடும். கிழவி குளிரில் ஈரப் போர்வையோடு சாயங்காலம் வரை அப்படியே கிடப்பாள். வெந்நீர் வைத்துத் துடைத்துவிட உள்ளூர்ப் பெண் ஒருத்திக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்தால் போதும், சேலத்திலிருந்து யாரும் மலையேற வேண்டியதில்லை.

அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். பொதுவாக ‘முதியோர் நலன்’ என்று எழுதாதீர்கள். எழுந்து நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர், அதில் பகலில் தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டு எண்ணிக்கையோடு எழுதுங்கள். தீர்மானத்தின் நகலை திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். அம்மாப்பேட்டை தங்கச்சியும் வார்டு கவுன்சிலரிடம் இதையே செய்யலாம்.