பீட்சாவைப் பாம்பாக்கினால் போதுமா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியே உணவைப் பற்றிச் சொல்லித்தருவது குறித்து, பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய சில கேள்விகளும் என் பதில்களும்.

பரமபத அட்டையில் பாம்பின் தலையில் பீட்சா, சிப்ஸ். ஏணியின் அடியில் கீரை, கேழ்வரகு என்று வரைந்து நான்காம் வகுப்பில் ஆடவைத்தேன். குதூகலமாக ஆடினார்கள். மணி அடித்ததும் அதே பிள்ளைகள் வாசல் கடையில் சிப்ஸ் வாங்கினார்கள். எங்கே தவறினேன்?
- ஆசிரியை, அல்சூர்

அட்டையில் தவறில்லை, தாயக்கட்டையில்தான். பிள்ளையை ஏற்றுவதும் இறக்குவதும் உருட்டி விழும் எண். கீரையை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. அது தானாக வாய்த்தது. பீட்சா ஆகாது என்பதும் அவளுக்குப் புதுச் செய்தியல்ல. வீட்டில் நூறு முறை கேட்டதை நூற்றோராவது முறையாகப் பாம்பு சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

தேர்வு செய்யவைக்கும் ஆட்டம் வேண்டும். நால்வர் கொண்ட குழுவுக்குக் காகிதப் பணம் 60 ரூபாய் கொடுங்கள். ரசல் மார்க்கெட்டில் அந்த வாரம் விற்ற உண்மையான விலைகளைப் பலகையில் எழுதுங்கள்: வாழைப்பழம், வேர்க்கடலை, வெள்ளரி, கொய்யா, கூடவே சிப்ஸ் பாக்கெட். நாலு பேருக்கும் மாலைப் பசி அடங்க வேண்டும் என்பது மட்டுமே விதி. சிப்ஸைத் தடை செய்யாதீர்கள். பாக்கெட்டைப் பிரித்து எண்ணிப் பார்த்து, ‘இது நாலு பேருக்குக் காணாது’ என்று அவர்களே சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் பாடம்.

வாசல் கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை. உங்கள் ஆட்டத்தைத் தோற்கடித்ததில் அந்தக் கடைக்கும் பங்கு உண்டு. தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள்.

ஒரு கவளத்துக்கு ஒரு நட்சத்திரம் தரும் செல்பேசி விளையாட்டு ஒன்றை இறக்கினேன். ஏழு வயது மகன் இப்போது முழுத் தட்டையும் காலி செய்கிறான். தொடரலாமா?
- ஒரு தாய், ஒயிட்ஃபீல்டு

வேண்டாம். அவன் சாப்பிடுவது நட்சத்திரத்தைத்தான், பொரியலை அல்ல. பரிசுக்காகத் தின்னும் பண்டத்தின் மீது பிள்ளைகளுக்கு நாளடைவில் விருப்பம் குறைவதும், பரிசாக வரும் பண்டத்தின் மீது ஆசை கூடுவதும் சில ஆய்வுகளில் கண்டது. ‘கீரை தின்றால் ஐஸ்கிரீம்’ என்ற பழைய பேரமும் இதே வகை. போதாததற்கு, வயிறு ‘போதும்’ என்று சொல்வதைக் கேட்கும் பழக்கமும் போய்விடும்.

நேற்று வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிவரச் சொல்லி, காய்க்கு மதிப்பெண் போட்டேன். ஒரு சிறுமி தினமும் பொய் எழுதுகிறாள் என்று தெரிந்தது. கண்டிக்கவா?
- ஆசிரியர், ஸ்ரீராமபுரம்

கண்டிக்க வேண்டியது மதிப்பெண்ணை. பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று முடிவு செய்வது வீட்டின் வருமானம். அதற்கு அவளைத் தேர்வு எழுத வைத்திருக்கிறீர்கள்.

வகுப்புக்கு ஒரே ஒரு பல்லாங்குழி கொண்டுவாருங்கள். ஒரு பக்கத்தில் ஏழு குழி. ஆறு குழிகள் திங்கள் முதல் சனி வரை. அன்றைய பள்ளி மதிய உணவில் எத்தனை வகை உணவு இருந்ததோ, அத்தனை ஆட்டக்காய். தானியத்துக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று, கீரைக்கு ஒன்று. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, நாள் முழுதுக்குமாகக் குறைந்தது எட்டு உணவு வகைகளும், தட்டின் பாதி அளவுக்குக் காய், கீரை, பழம், கிழங்கும் வேண்டும் என்கிறது. வார இறுதியில் எந்தக் குழி வற்றியிருக்கிறது என்று வகுப்பே பார்க்கும். சோழியும் புளியங்கொட்டையும் போதும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் வைத்துவிடாதீர்கள். கடித்தால் கொடிய நஞ்சு.

எங்கள் அரசுப் பள்ளியில் முட்டை தருகிறார்கள். வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம். முன்பு கடலைமிட்டாயும் இருந்தது. உணவு அட்டை ஆட்டத்தில் முட்டை வந்தாலே வகுப்பு இரண்டாகப் பிரிகிறது.
- ஆசிரியை, விவேக்நகர்

முட்டை அட்டையை எடுத்துவிடாதீர்கள். ஒளித்தால் அது இன்னும் பெரிதாகும். ‘யார் சாப்பிடுவீர்கள்’ என்று கை தூக்கச் சொல்வதை மட்டும் நிறுத்துங்கள். அந்த உணவு உடலில் செய்யும் வேலையைப் பார்த்து அட்டைகளை அடுக்கச் சொல்லுங்கள். உடலைக் கட்டும் வரிசையில் முட்டை, பால், துவரை, அவரை, வேர்க்கடலை. வாழைப்பழத்தை அந்த வரிசையில் வைத்துச் சமாதானம் செய்ய வேண்டாம்: ஒரு முட்டையில் புரதம் ஏறக்குறைய 6 கிராம், ஒரு வாழைப்பழத்தில் ஒரு கிராம் அளவுதான். முட்டை தின்னாத பிள்ளைக்கு வேர்க்கடலை நெருங்கிய மாற்று என்பதை அட்டைகளே காட்டிவிடும்.

குளிர்பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்ட எளிய ஆட்டம்?
- ஒரு தந்தை, மர்ஃபி டவுன்

காலிக் கண்ணாடித் தம்ளர், சர்க்கரை டப்பா, தேக்கரண்டி. எத்தனை கரண்டி என்று ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு லேபிளைப் படித்துக் கணக்குப் போடட்டும். வழக்கமான கோலாவில் 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம். 300 மில்லி பாட்டிலுக்குச் சுமார் 32 கிராம், அதாவது எட்டுக் கரண்டி. சேர்க்கும் சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1600 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் ஐந்தே கரண்டி. சி.பி.எஸ்.இ. 2025இல் தன் பள்ளிகளில் இதற்கெனத் தகவல் பலகை வைக்கச் சொன்னது. பலகையைவிடத் தம்ளரில் சர்க்கரை விழும் ஓசைக்கு வலு அதிகம். அடுத்த சுற்றில் நீங்கள் குடிக்கும் காபியையும் அளப்பார்கள், தயாராக இருங்கள்.

மகன் எந்தக் காயையும் தொடுவதில்லை. கண்ணைக் கட்டி ருசி பார்க்கும் ஆட்டம் உதவுமா?
- ஒரு தாய், சிவாஜிநகர்

துணிச்சலான பிள்ளைக்கு உதவும். தயங்கும் பிள்ளைக்கு, தெரியாத ஒன்று வாயில் நுழைவது பயத்தையே கூட்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் சேர்ந்து ஆடினால் ஆபத்தும்கூட.

நாவை விட்டுவிட்டு விரலிலிருந்து தொடங்குங்கள். மார்கழியில் அவரைக்காய் வந்து குவியும் ஊரில் இருக்கிறீர்கள். உரித்த கொட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு கிண்ணங்களை எதிரே வையுங்கள். விரல்களுக்கிடையே அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிக் கிண்ணத்தில் விழும். யாருடையது அதிகத் தூரம் பாய்கிறது என்று போட்டி வையுங்கள். பச்சையாகத் தின்ன விடாதீர்கள், நன்றாக வேக வேண்டும். அன்றிரவே பிதுக்கம் பருப்புக் குழம்பு வைத்து, அவன் பிதுக்கியதை அவன் கண்ணெதிரே கொட்டுங்கள்.

சாப்பிடச் சொல்லாதீர்கள், சாப்பிட்டால் பாராட்டவும் வேண்டாம். புதிய உணவு ஒன்றைப் பிள்ளை ஏற்கப் பத்து, பதினைந்து முறை அதைச் சந்திக்க வேண்டியிருக்கலாம். தை முடியும்வரை அவரைக்காய் கிடைக்கும்.