பினாங்கின் நீல மாளிகை உணவகமானது எப்படி?

வணிகர் மாளிகை என்றால் குடும்பம், வியாபாரம், விருந்து மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்த வீடு. மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் லீத் தெருவில் இந்த நீல மாளிகையைக் கட்டியவர் சீன வணிகர் சியோங் ஃபாட் ட்ஸே. 38 அறைகள், 5 முற்றங்கள். அவர் 1916-இல் காலமானார். கடைசி மகன் இருக்கும்வரை விற்கக்கூடாது என்பது உயில்; அப்புறம் என்ன, அறை அறையாக வாடகைக்குப் போய் வீடு சிதைந்தது. 1989-இல் வாங்கியவர்கள் செப்பனிட்டார்கள்; 2000-இல் யுனெஸ்கோ விருது. இவ்வளவு பெரிய வீட்டைக் காக்க வருமானம் வேண்டுமே! அதனால்தான் தங்கும் விடுதியும் உணவகமும்.

சுவரில் இருப்பது சுண்ணாம்பில் கலந்த அவுரி நீலம். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவோமே, அதையே தாராளமாகப் போட்டது போல. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். பினாங்கு மழைக்கு அதுதான் சரி.

மாளிகை முழுவதும் உணவகம் என்று பலர் நினைக்கிறார்கள். சாப்பாடு ஒரு பகுதியில் மட்டும்தான்.