பந்தயத் தடத்தில் உயிர் விட்டவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயங்களைப் பற்றியும் அவற்றின் தொடக்க ஆண்டுகளில் மாண்ட ஓட்டுநர்களைப் பற்றியும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அக்கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: ஸ்டாக் கார் பந்தயம் என்பது என்ன? அது எப்படித் தொடங்கியது?

பதில்: பந்தயத்துக்கென்றே தனியாக உருவாக்கப்பட்ட வண்டிகளை விட்டுவிட்டு, எவரும் விலை கொடுத்து வாங்கக்கூடிய சாதாரணக் கார்களை வைத்து நடத்தப்பட்ட பந்தயம் இது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், துரத்தி வரும் அதிகாரிகளிடம் சிக்காமல் தப்புவதற்காகத் தங்கள் கார்களின் எஞ்சினையும் ஸ்பிரிங்குகளையும் பலப்படுத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கார்களும் அவற்றை ஓட்டியவர்களும் மண் தடங்களில் இறங்கிப் போட்டியிட்டது இந்தப் பந்தயத்தின் வேர்களுள் ஒன்று. 1947 டிசம்பரில் புளோரிடா மாநிலத்தின் டேடோனா பீச்சில், ஒரு ஹோட்டலில், பந்தய அமைப்பாளர் பில் ஃபிரான்ஸ் கூட்டிய கூட்டத்திலிருந்து, இப்பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் என்ற அமைப்பு பிறந்தது. 1948 பிப்ரவரியில் அது முறைப்படி பதிவு செய்யப்பட்டது.

புதிய கார்களுக்கான முதல் பந்தயம் 1949 ஜூன் 19 அன்று வட கரோலைனாவின் ஷார்லட் நகரில் நடந்தது. முதலில் வந்த கிளென் டனவே, பின்புற ஸ்பிரிங்குகள் மாற்றியமைக்கப்பட்டிருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போயிற்று. லீ பெட்டி என்பவர் ஒரு ப்யூக் காரை இரவல் வாங்கி வந்து ஓட்டி, நடுவழியில் அதை உருட்டிக் கவிழ்த்துவிட்டார். உயிர் தப்பிய அவர் பிற்காலத்தில் மூன்று முறை சாம்பியன் ஆனார் என்பது வேறு செய்தி. இங்கே நாம் கவனிக்க வேண்டியது, கவிழ்ந்த அந்தக் கார் குடும்பத்தோடு வெளியே போய்வருவதற்காகச் செய்யப்பட்ட கார் என்பதுதான்.

கேள்வி: அக்கால ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்களே இல்லையா?

பதில்: இருந்தன; ஆனால் அவை மிகக் குறைவு. கதவு பறந்துவிடாமல் இருக்க அதைத் தோல் வாராலோ கயிற்றாலோ இழுத்துக் கட்டினார்கள். மடியைக் குறுக்காகப் பிணைக்கும் பெல்ட் ஒன்று இருக்கும். ஹெல்மெட் உச்சந்தலையை மட்டுமே மூடியது. உடம்பில் பெரும்பாலும் சாதாரண அரைக்கைச் சட்டைதான். பெட்ரோல் டாங்க், தொழிற்சாலையில் பொருத்திய அதே இடத்தில், காரின் பின்புறத்தில், ஒரு தகரப் பெட்டியாகவே இருந்தது.

டயர்தான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. 1950 செப்டம்பரில் தென் கரோலைனாவின் டார்லிங்டன் தடத்தில் முதல் 500 மைல் பந்தயம் நடந்தபோது 75 கார்கள் கலந்துகொண்டன. வேகமாக ஓடிய கார்களின் டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. பார்க்க வந்தவர்களின் கார்களிலிருந்தும் டயர்களைக் கழற்றி மாட்டினார்கள் என்று சொல்வதுண்டு. வென்றவர் ஜானி மான்ஸ். மெதுவான ஒரு பிளிமத் காரில், கடினமான டயர்களைப் பூட்டிக்கொண்டு, மற்றவர்கள் நின்று நின்று டயர் மாற்றிய வேளையில் அவர் ஓடிக்கொண்டே இருந்தார். வேகத்தைத் தாங்கும் டயர் இல்லாமல் வேகம் மட்டும் கூடினால் என்னவாகும் என்பது அன்றே எல்லோர் கண்ணெதிரிலும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அதற்கான மாற்றம் வர ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின.

கேள்வி: நாஸ்காரின் உயர்மட்டப் பந்தயத்தில் முதலில் உயிரிழந்தவர் யார்?

பதில்: லாரி மான். 1952 செப்டம்பர் 14 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் லாங்ஹார்ன் தடத்தில் அவர் விபத்துக்குள்ளானார். ஒரு மைல் நீளமுள்ள அந்த மண் தடம் ஏறக்குறைய முழு வட்டம். நேரான பகுதி என்று ஒன்று அதில் இல்லை. ஸ்டீரிங்கைத் திருப்பிப் பிடித்த கை பந்தயம் முடியும்வரை தளர முடியாது; மண்ணில் பள்ளங்கள் விழ விழக் கார் துள்ளிக்கொண்டே போகும். அடுத்த ஆண்டே ஃபிராங்க் ஆர்ஃபர்ட், 1956இல் ஜான் மெக்விட்டி என மேலும் இருவர் அங்கே மாண்டார்கள்.

மான் ஓட்டிய ஹட்சன் கார் பச்சை நிறத்தது. பந்தயக் காருக்குப் பச்சை ஆகாது என்ற நம்பிக்கை ஓட்டுநர்களிடையே நெடுங்காலம் இருந்ததால், அவருடைய மரணம் அந்த நம்பிக்கைக்குச் சான்றாகவே பல ஆண்டுகள் பேசப்பட்டது. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. நிறத்தைக் குறை சொல்லிய ஒவ்வொரு முறையும், தடத்தையும் பெல்ட்டையும் கூரையையும் பற்றிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போயிற்று.

கேள்வி: ‘ஃபயர்பால்’ ராபர்ட்ஸின் முடிவைப் பற்றிப் பலவாறாகப் படித்திருக்கிறேன். உண்மையில் நடந்தது என்ன?

பதில்: எட்வர்ட் கிளென் ராபர்ட்ஸ் தம் காலத்தின் மிகச் சிறந்த ஓட்டுநர்களுள் ஒருவர், 33 வெற்றிகள் பெற்றவர், 1962இல் டேடோனா 500 பந்தயத்தை வென்றவர். அந்தப் பட்டப்பெயர் இளமையில் அவர் பேஸ்பால் பந்தை வீசிய வேகத்துக்காக வந்தது. அவர் முடிவுக்கும் அதற்கும் தொடர்பு கற்பிப்பது சரியன்று.

1964 மே 24 அன்று ஷார்லட்டில் நடந்த 600 மைல் பந்தயத்தின் ஏழாவது சுற்றில், முன்னால் சென்ற ஜூனியர் ஜான்சன், நெட் ஜாரெட் ஆகியோரின் கார்கள் உரசிச் சுழன்றன. அவற்றின்மேல் மோதாமல் இருக்க ராபர்ட்ஸ் திருப்பியபோது அவருடைய ஃபோர்டு கட்டுப்பாட்டை இழந்து, பின்பக்கமாகச் சென்று, உட்புறச் சுவரில் திறப்பு விடப்பட்டிருந்த இடத்தின் முனையில் மோதியது. பெட்ரோல் டாங்க் கிழிந்தது. கார் தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பற்றியது. தம்முடைய காரும் எரிந்துகொண்டிருக்க, அதிலிருந்து வெளியே வந்த ஜாரெட் நேரே ராபர்ட்ஸிடம் ஓடினார். ராபர்ட்ஸ் அவரைப் பெயர் சொல்லி உதவிக்கு அழைத்தார். ஜாரெட் அவரை நெருப்பிலிருந்து இழுத்து, எரியும் உடையைக் கிழித்து எறிந்தார். அதில் ஜாரெட்டின் கைகளும் வெந்தன. உடலின் பெரும்பகுதி தீக்காயமுற்ற ராபர்ட்ஸ், மருத்துவமனையில் 39 நாள் போராடி, ஜூலை 2 அன்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 35.

தீப்பற்றாமல் இருக்கும் பொருட்டு ஒரு வேதிக் கரைசலில் நனைத்து உலர்த்திய உடையைப் பந்தயத்தில் அணியும் வழக்கம் அப்போது இருந்தது. ராபர்ட்ஸ் அதை அணியவில்லை; அவருக்கு ஆஸ்துமா இருந்ததால் அந்த நெடியைத் தாங்க முடியவில்லை. ‘பாதுகாப்பை அலட்சியப்படுத்தினார்’ என்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் இந்தச் செய்தியையும் சேர்த்து எழுத வேண்டும். மூச்சு விடுவதற்கும் தீயிலிருந்து தப்புவதற்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் அவரை வைத்தது அக்காலத்தின் உடைதானே தவிர அவருடைய அலட்சியம் அன்று.

அவர் மருத்துவமனையில் கிடந்த அதே வாரத்தில், மே 30 அன்று, இண்டியானபொலிஸ் 500 பந்தயத்தில் எடி சாக்ஸும் டேவ் மெக்டொனால்டும் தீயில் மாண்டார்கள். அதன் பிறகுதான் டாங்குக்குள் வலுவான ரப்பர் பையும் அதனுள் நுரைப்பஞ்சும் வைத்து, கார் நொறுங்கினாலும் பெட்ரோல் சிதறாமல் தடுக்கும் ஏற்பாடு பந்தயக் கார்களில் விரைவாகப் பரவியது.

கேள்வி: 1964ஆம் ஆண்டை ஏன் இந்தப் பந்தயத்தின் மிகக் கொடிய ஆண்டு என்கிறார்கள்?

பதில்: ஓராண்டு முடிவதற்குள் முன்னணி ஓட்டுநர்கள் நால்வர் போய்விட்டார்கள், நால்வரும் வெவ்வேறு காரணங்களால் போனார்கள் என்பதே அதில் உறைக்கும் செய்தி.

ஜனவரி 19 அன்று கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு தடத்தில் ஜோ வெதர்லி இறந்தார். 1962, 1963 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அவரே சாம்பியன். கார் சுவரில் பக்கவாட்டாக மோதியபோது அவருடைய தலை ஜன்னலுக்கு வெளியே சென்று சுவரில் அடிபட்டது. கார் எரிந்தால் உள்ளே சிக்கிக்கொள்வோம் என்று அஞ்சி அவர் தோள்பட்டைப் பெல்ட்டை அணியாதிருந்தார். அந்த அச்சம் வீண் அச்சம் அன்று என்பதை அதே ஆண்டு மே மாதம் ராபர்ட்ஸின் விபத்து காட்டிவிட்டது. செப்டம்பர் 22 அன்று ஷார்லட்டில் டயர் சோதனை ஓட்டத்தில் ஜிம்மி பார்டியூ மாண்டார். 1965 ஜனவரி 5 அன்று டேடோனாவில், அதுவும் டயர் சோதனையில், பில்லி வேட் இறந்தார். முந்தைய கோடையில் தொடர்ந்து நான்கு பந்தயங்களை வென்றிருந்தவர் அவர். மோதலின் விசையில் மடிப் பெல்ட்டே மேலேறி அவர் வயிற்றை நசுக்கிவிட்டது. காப்பதற்காகக் கட்டிய பெல்ட்டே உயிரை வாங்கியது.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது வேகம். டேடோனா 500 பந்தயத்தின் தகுதி ஓட்டத்தில் முதலிடம் பெற்ற கார் 1963இல் மணிக்குச் சுமார் 161 மைல் வேகத்தில் ஓடியது. 1964இல், கிரைஸ்லர் நிறுவனம் தன் புதிய ஹெமி எஞ்சினைக் கொண்டுவந்ததும், அது சுமார் 175 மைலாயிற்று. எஞ்சின் ஒரே ஆண்டில் 14 மைல் முன்னேறியது. டயரும் டாங்கும் பெல்ட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பார்டியூ இறந்த பிறகு, வெளி டயர் வெடித்தாலும் காரைத் தாங்கும் உள் டயர் வழக்கத்துக்கு வந்தது. வேட் இறந்த பிறகு, மடிப் பெல்ட் மேலேறாதபடி தொடைகளுக்கிடையே கீழிழுத்துப் பிடிக்கும் வார் வந்தது. வெதர்லியின் மரணத்துக்கு மட்டும் விடை தாமதமாயிற்று. 1970இல் டார்லிங்டனில் ரிச்சர்ட் பெட்டியின் கார் உருண்டபோது அவருடைய கையும் தலையும் ஜன்னலுக்கு வெளியே தொங்கியதைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்தார்கள், பெட்டி பிழைத்தார், அதன் பிறகே ஓட்டுநரின் ஜன்னலில் வலை கட்டுவது கட்டாயமாயிற்று. இடையில் ஆறு ஆண்டுகள் கழிந்தன.

கேள்வி: இவ்வளவு ஆபத்து இருந்தும் ஓட்டுநர்கள் எதிர்த்துக் கேட்கவில்லையா?

பதில்: கேட்டார்கள். 1961இல் கர்ட்டிஸ் டர்னர் என்ற ஓட்டுநர், லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தின் துணையோடு ஓட்டுநர்களுக்கு ஒரு சங்கம் அமைக்க முயன்றார். நாஸ்காரின் தலைவர் பில் ஃபிரான்ஸ் அவரையும் சக ஓட்டுநர் டிம் ஃப்ளாக்கையும் ஆயுள் முழுதும் விலக்கினார்; டர்னரின் தடை 1965இல் நீக்கப்பட்டது. 1969இல் அலபாமாவின் டலடேகா தடம் திறக்கப்பட்டபோது, மணிக்கு 200 மைலை நெருங்கிய வேகத்தில் டயர்கள் கிழிந்ததால், ரிச்சர்ட் பெட்டியின் தலைமையிலான ஓட்டுநர் சங்கத்தினர் ஓட மறுத்துத் தங்கள் கார்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். பந்தயம் மற்றவர்களைக் கொண்டு நடந்தது. ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் வென்றார். உயிரைத் துச்சமாக நினைத்தவர்கள் என்று இவர்களைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. பரிசுப் பணத்தையும் விட்டுவிட்டு டயர் சரியில்லை என்று திரும்பிப் போனவர்களுக்கு அந்தப் புகழ்ச்சி பொருந்தாது.

கேள்வி: சக ஓட்டுநரைக் காப்பாற்றப்போய் வெற்றி பெற்ற ஒருவர் உண்டாமே?

பதில்: டைனி லண்ட். 1963 பிப்ரவரியில் டேடோனாவில் மார்வின் பாஞ்ச் ஓட்டிய மசராட்டி கவிழ்ந்து எரிந்தபோது, லண்டும் வேறு சிலரும் ஓடிச்சென்று காரைத் தூக்கி அவரை வெளியே இழுத்தார்கள். அப்போது லண்டுக்கு ஓட்ட ஒரு கார்கூட இல்லை. மருத்துவமனையிலிருந்த பாஞ்ச், தமக்குரிய காரை லண்டிடம் கொடுக்கும்படி அதன் உரிமையாளர்களான வுட் சகோதரர்களிடம் சொன்னார். அந்தக் காரில் லண்ட் டேடோனா 500 பந்தயத்தை வென்றார். 1975 ஆகஸ்டில் டலடேகாவில் நடந்த விபத்தில் லண்ட் மாண்டார்.

கேள்வி: மறைந்தவர்களை அங்கே எப்படி நினைவுகூர்கிறார்கள்? இப்போதும் மரணங்கள் நிகழ்கின்றனவா?

பதில்: டார்லிங்டனில் உள்ள அருங்காட்சியகத்துக்கு வெதர்லியின் பெயர் சூட்டப்பட்டது. ஷார்லட்டில் 2010இல் திறக்கப்பட்ட நாஸ்கார் புகழ் மண்டபத்தில் ராபர்ட்ஸ் 2014இலும் வெதர்லி 2015இலும் சேர்க்கப்பட்டார்கள். பார்டியூ, வேட் போன்றவர்களின் பெயர்கள் அவ்வளவு பரவலாக அறியப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு பந்தயத்திலும் ஓட்டுநர்கள் அணிந்துகொள்ளும், மடிப் பெல்ட்டைக் கீழிழுத்துப் பிடிக்கும் அந்த வாரில் வேட்டின் மரணம் இருக்கிறது; என்னைக் கேட்டால், புதிதாக ஓட்ட வருபவர்களுக்கு அந்த வாரைக் கட்டிக் காட்டும்போதே வேட்டின் கதையையும் சொல்லித்தர வேண்டும்.

2000 மே மாதம் முதல் 2001 பிப்ரவரி வரை ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர், டேல் ஏர்ன்ஹார்ட் என நால்வர் தலை, கழுத்துக் காயங்களால் மாண்டார்கள். ஆடம் பெட்டி, 1949இல் ப்யூக் காரைக் கவிழ்த்த அதே லீ பெட்டியின் கொள்ளுப்பேரன். அவர்களுக்குப் பிறகு தலையையும் கழுத்தையும் பிடித்து நிறுத்தும் சாதனம் 2001 அக்டோபரில் கட்டாயமாக்கப்பட்டது. மோதலின் விசையை உள்வாங்கும் எஃகு–நுரைத் தடுப்புகள் 2002 முதல் சுவர்களில் பொருத்தப்பட்டன. ஏர்ன்ஹார்ட்டுக்குப் பிறகு நாஸ்காரின் உயர்மட்டப் பந்தயத்தில் எந்த ஓட்டுநரும் உயிரிழக்கவில்லை. 2020இல் டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ரயன் நியூமனின் கார் கவிழ்ந்து, ஓட்டுநரின் பக்கத்தில் மற்றொரு கார் மோதியும், இரண்டு நாள் கழித்து அவர் தம் மகள்களின் கையைப் பிடித்தபடி மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்தார். அந்தக் காரின் கூரையைத் தாங்கிய கம்பிகளுள் ஒன்று, முந்தைய விபத்துகளுக்குப் பிறகு அவரே வற்புறுத்தியதால் சேர்க்கப்பட்டது. ஓட்டுநர்கள் அதை ‘நியூமன் கம்பி’ என்றே அழைக்கிறார்கள்.