போட்டி நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்வது எப்படி? 'அறிவு வலையமைப்பு' என்றால் என்ன?

ஒரே தொழிலில் இருப்பவர்கள், அவர்களுக்குச் சரக்கு தருபவர்கள், வாங்குபவர்கள், ஆய்வுக்கூடங்கள் ஆகியோரிடையே செய்முறை அறிவு கைமாறும் உறவுதான் அறிவு வலையமைப்பு.

எந்தப் பட்டறைக்கும் எல்லாம் தெரிந்திருக்காது என்பதே இதன் அடிப்படை. பழைய வட ஆர்க்காட்டின் தோல் தொழிலைப் பாருங்கள். தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனாலை 1989இல் ஜெர்மனி தடை செய்தது. அந்நாட்டுக்குத் தோல் அனுப்பிவந்த ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையில் ஒவ்வொருவரும் தனித்தனியே மாற்று தேடியிருந்தால், எத்தனை தோல் வீணாகியிருக்கும்! சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், இரசாயனம் விற்பவர்கள், வெளிநாட்டு வாங்குநர்கள் என்று பல வழிகளில் விடை வந்தது. புதுமை பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது, செலவும் குறைகிறது.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் முன் பக்கத்து நிலத்துக்காரரிடம், "எத்தனை அடியில் தண்ணீர் வந்தது?" என்று கேட்போம் அல்லவா? அதே கணக்குதான். பாலாறே வறண்டு கிடக்கும் ஊரில், தண்ணீர் வராத குழியின் கதைகூடப் பணத்தை மிச்சப்படுத்தும் (சொல்ல மனம் வர வேண்டும், அவ்வளவுதான்).

இது தொழில் இரகசியத்தைக் கொட்டிவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மாற்று இரசாயனத்தைச் சொல்பவர் தன் சாயக் கலவையையோ விலையையோ வாடிக்கையாளர் பட்டியலையோ சொல்வதில்லை.