அம்மாவுக்கு கான்ட்ராஸ்ட் ஸ்கேன், அப்புறம் லேப்ராஸ்கோப்பி: கையெழுத்து யார் போடுவது?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. 12 வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சினைப்பையில் கட்டி இருப்பது அல்ட்ராசவுண்டில் தெரிந்தது. லேப்ராஸ்கோப்பிக்கு (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகச் செய்யும் அறுவைக்கு) முன்னால் கான்ட்ராஸ்ட் மருந்து, அதாவது உறுப்புகளைப் படத்தில் தெளிவாகக் காட்டும் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.3. இறால் சாப்பிட்டால் அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். ஆபரேஷன் படிவத்தில் ‘தேவைப்பட்டால் மேற்கொண்டு எந்தச் சிகிச்சைக்கும் சம்மதம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அம்மா பயந்த சுபாவம். அவரிடம் எதையும் சொல்லாமல் எல்லாவற்றிலும் நானே கையெழுத்துப் போட்டுவிடலாமா? - மதுரை வாசகி

பதில்: போடக் கூடாது. சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. அதைவிட முக்கியமாக, ஸ்கேன் அறையில் உங்கள் அம்மாவின் பாதுகாப்புக்கே இது நல்லதல்ல.

முதலில் இறால். இறாலிலும் அயோடின், ஸ்கேன் மருந்திலும் அயோடின், ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் மருத்துவமனைகளுக்குள்ளேயே இன்னும் இருக்கிறது. இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதன் தசையில் உள்ள டிரோப்போமயோசின் என்ற புரதம். அயோடின் நாம் தினமும் உப்பில் சாப்பிடுவது, தைராய்டுக்கு அவசியமானது. எனவே இறாலுக்காக இந்த ஸ்கேனைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் இதே கான்ட்ராஸ்ட் மருந்து முன்பு எப்போதாவது போட்டு மூச்சுத் திணறலோ தடிப்போ வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆஸ்துமா, தைராய்டு மிகைச் சுரப்பு இருந்தாலும் சொல்லுங்கள்.

இந்த மருந்தின் வேதியியல் எளிமையானதுதான். அயோடின் கனமான அணு, எக்ஸ்-ரே கதிரை நன்றாக உறிஞ்சும். ஒரு பென்சீன் வளையத்தில் மூன்று அயோடின் அணுக்களைக் கட்டி ரத்தத்தில் விட்டால், ரத்தக் குழாய்களும், ரத்தம் அதிகம் பாயும் கட்டிகளும் படத்தில் வெள்ளையாகத் தெரியும். பழைய மருந்துகள் ரத்தத்தில் அயனிகளாகப் பிரியும். அவற்றில் கரைந்திருக்கும் துகள்களின் செறிவு ரத்தத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். பிறகு வந்தவை பிரியாத வகை. ஜப்பானில் 3.37 லட்சத்துக்கும் அதிகமான ஊசிகளைத் தொகுத்து 1990-ல் வெளிவந்த ஆய்வில், கடுமையான எதிர்வினை பழைய வகையில் 0.22 சதவீதம், புதிய வகையில் 0.04 சதவீதம். அதாவது பத்தாயிரம் ஊசிக்கு 22 என்றிருந்தது 4 ஆகக் குறைந்தது. இன்று நரம்பில் ஏற்றிச் செய்யும் சி.டி.க்கு வழக்கமாகப் போடுவது புதிய வகையைத்தான்.

அடுத்தது சிறுநீரகம். 1.3 என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர்தான் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) முக்கியம். இதே 1.3 முப்பது வயது ஆணுக்கு ஏறக்குறைய 75 வரும். உங்கள் அம்மாவுக்கு 48 அளவில்தான் வரும். சிறுநீரகம் கொஞ்சம் களைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்கேனுக்குத் தடை இல்லை. கவலையோடு யோசிக்க வேண்டிய எல்லை 30-க்குக் கீழே. 48 என்ற எண்ணை ஸ்கேன் சென்டரிலும் சொல்லுங்கள், அறுவை சிகிச்சை மருத்துவரிடமும் சொல்லுங்கள். ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் அம்மா தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்று சொல்லிக் காலையிலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.

மெட்ஃபார்மின் விஷயத்தில் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்லக்கூடும். இந்த மாத்திரைக்கும் ஸ்கேன் மருந்துக்கும் நேரடிச் சண்டை எதுவும் இல்லை. மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது; ஸ்கேனுக்குப் பிறகு சிறுநீரகம் தொய்ந்தால் அது உடலில் தேங்கி லாக்டிக் அமிலத்தைக் கூட்டிவிடும் என்பதுதான் பயம். இஜிஎஃப்ஆர் 30-க்கு மேல் இருந்தால் நிறுத்தவே வேண்டாம் என்கிறது அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு. 30-க்கும் 60-க்கும் இடையில் இருப்பவர்கள் ஸ்கேன் நாளில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பரிசோதித்துவிட்டுத் தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் சொன்னது. உங்கள் மருத்துவர் எதைச் சொன்னாலும் அது தப்பல்ல. ஒருவர் பேச்சைக் கேளுங்கள், அவ்வளவு போதும்.

சி.டி.யில் கட்டியின் தன்மை தெளிவாகத் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. கேட்கலாம். அதில் ஏற்றுவது அயோடின் அல்ல, கடோலினியம். ஜோடி சேராத ஏழு எலக்ட்ரான்கள் கொண்ட உலோகம் இது. ஸ்கேனின் ரேடியோ அலை நிலை மாற்றிய, பக்கத்திலிருக்கும் நீரின் புரோட்டான்களைச் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்ப வைப்பதால் அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் தனியாக விட்டால் இது நஞ்சு. கால்சியத்தின் அளவை ஒத்திருப்பதால் கால்சியம் நுழையும் வழிகளை அடைத்துவிடும். அதனால்தான் இதை ஒரு கரிம மூலக்கூறுக்குள் பிடித்து வைத்துக் கொடுக்கிறார்கள். பிடிப்பதில் இரண்டு வகை: திறந்த சங்கிலி, மூடிய வளையம். சங்கிலி வகையிலிருந்து உலோகம் நழுவ வாய்ப்பு அதிகம். டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குத் தோல் மரக்கட்டைபோல் இறுகும் நோய்க்கு இதுதான் காரணம் என்று 2006-ல் தெரியவந்தது. சங்கிலி வகைகளில் பெரும்பாலானவற்றை ஐரோப்பிய மருந்து அமைப்பு 2017-ல் நிறுத்திவைக்கச் சொன்னது. எனவே எம்.ஆர்.ஐ. என்றால் ‘வளைய வகை மருந்துதானே?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். கடோபியூட்ரால், கடோடெரேட் இரண்டும் வளைய வகை.

சரி, கையெழுத்துக்கு வருவோம். சி.டி. மருந்தைக் கையில் பிடித்துப் போடுவதில்லை, இயந்திரம் வேகமாக ஏற்றும். சில விநாடிகளில் தொண்டையில் ஒரு சூடு, வாயில் உலோகச் சுவை, பிறகு அடிவயிற்றில் வெப்பம் பரவி, சிறுநீர் தானாகப் போய்விட்டதோ என்ற உணர்வு வரும். போயிருக்காது. இது எல்லோருக்கும் சாதாரணமாக வருவது. ஆனால் முன்கூட்டி யாரும் சொல்லாவிட்டால், பயந்த சுபாவமுள்ள ஒரு பெண் அந்த மேஜையில் படுத்துக்கொண்டு என்ன நினைப்பார்? அசைந்தால் படம் கெடும், மறுபடியும் எடுக்க வேண்டிவரும். ஊசி போட்ட கையில் வலியோ வீக்கமோ வந்தால், மருந்து நரம்புக்கு வெளியே கசிகிறது என்று அர்த்தம். உடனே குரல் கொடுக்க வேண்டியதும் அவர்தான். அப்போது கதவு மூடியிருக்கும், டெக்னீஷியன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பார், நீங்கள் வெளியே நாற்காலியில் இருப்பீர்கள். அம்மாவைக் காப்பாற்ற நினைத்து மறைத்தால், அவரைத் தனியாக விட்டதாகிவிடும்.

ஆபரேஷன் படிவத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். 1995-ல் டெல்லியில் 44 வயதான, திருமணமாகாத ஒரு பெண் நோயைக் கண்டறிவதற்கான லேப்ராஸ்கோப்பிக்குப் படுத்தார். மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் ஆணையத்தில் அவர் தோற்றார். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதுதான் சமீரா கோலி வழக்கு. கண்டறியக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவருக்காக இன்னொருவர் கொடுக்கும் சம்மதமும் செல்லாது. அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு. இழப்பீடு 25,000 ரூபாய்தான் கிடைத்தது. எனக்கு அது மிகக் குறைவாகவே படுகிறது. ஆனால் அந்த விதி இன்றும் நாட்டின் சட்டம்.

அதே தீர்ப்பில் உங்களுக்குப் பயன்படும் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அறுவையின் நடுவே தேவைப்படக்கூடிய அடுத்த கட்டத்துக்கும் முன்கூட்டியே சேர்த்துச் சம்மதம் வாங்கலாம். விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது, நம் நாட்டில் மருத்துவர் முக்கியமான ஆபத்துகளைச் சொன்னால் போதும், மிக அரிதானவற்றைத் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1972-லும் பிரிட்டனில் 2015-லும் வந்த தீர்ப்புகள் நோயாளி எதைத் தெரிந்துகொள்ள விரும்புவார் என்பதை அளவாக வைத்தன. இந்தியா அவ்வளவு தூரம் போகவில்லை. ஆகவே இங்கே கேட்பவருக்குத்தான் பதில் கிடைக்கும்.

‘தேவைப்பட்டால் எந்தச் சிகிச்சைக்கும்’ என்ற வரியை அப்படியே விடாதீர்கள். 58 வயதில் சினைப்பைக் கட்டி என்றால் புற்றுநோய்ச் சந்தேகத்தை மருத்துவர் மனதில் வைத்திருப்பார். ஆபரேஷனின் நடுவிலேயே கட்டியின் துண்டை உறைய வைத்துப் பரிசோதிக்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் உண்டா? புற்று என்று வந்தால் கருப்பையும் மறுபக்கச் சினைப்பையும் எடுப்பார்களா, வயிற்றைத் திறப்பார்களா? சாதாரணக் கட்டி என்றால் எதை விட்டுவைப்பார்கள்? இதை அம்மாவும் நீங்களும் மருத்துவர் எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். பதிலைப் படிவத்தில் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். கீழே அம்மா கையெழுத்து, சாட்சியாக நீங்கள். விவரமெல்லாம் வேண்டாம், மகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அம்மாவே மருத்துவரிடம் சொன்னால் அது அவருடைய உரிமை, அதையும் எழுதிவைக்கச் சொல்லலாம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ன் மருத்துவ நெறிமுறை விதி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஏற்றிய மருந்தின் பெயரும் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் சென்டரில் கேட்டு எழுதி வாங்கி அம்மாவின் ஃபைலில் வையுங்கள். அடுத்த ஸ்கேனுக்கு முதலில் கேட்கப்போவது அதைத்தான்.